கேனான் ஆர்7: பைக் பந்தயத்தைப் படமெடுப்பவரின் பார்வையில்

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையைப் பிடித்தால், திருப்பெரும்புதூரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் வந்துவிடும். ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலை இருப்பதாலோ என்னவோ, எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த 3.7 கிலோமீட்டர் தடத்தின் மீது தனிப் பற்று உண்டு. அங்கே படமெடுப்பதற்காகவே கேனான் ஆர்7 கேமராவையும் ஆர்எஃப் 100-400 லென்ஸையும் வாங்கி ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன்.

2022இல் வெளிவந்த இந்தக் கேமராவைப் பற்றிக் கேட்டால், திரை அசையாத மின்னணு ஷட்டரில் நொடிக்கு 30 படம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். பந்தயத்துக்கு அந்த எண் பயன்படாது. மின்னணு ஷட்டரில், ஒளியைப் படமாக்கும் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. ஒரு படத்தைப் படித்து முடிக்கச் சுமார் 30 மில்லிநொடி ஆகிறது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் அதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். கேமராவை அசைக்காமல் எடுத்தால் பைக் கோணலாகிறது. பைக்கோடு சேர்த்துத் திருப்பினால் பைக் நேராக இருக்க, பின்னாலுள்ள வேலிக் கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. மிக வேகமாகப் படிக்கப்படும் அடுக்குச் சென்சார் கொண்ட நிக்கான் இசட்9 போன்றவற்றில் இந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவு, ஆனால் அவற்றின் விலை மிக அதிகம்.

திரை திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படம் கிடைக்கிறது, அதுவே தாராளம். சுருக்கிப் பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்தால் மூன்று நான்கு நொடிகளில் பஃபர் என்னும் தற்காலிக நினைவகம் நிரம்பி வேகம் குறையும் என்பதால், பைக் வளைவில் சாயும்போது அழுத்தி, நிமிரும்போது விரலை எடுத்துவிடப் பழக வேண்டும்.

இந்தக் கேமராவுக்குக் கொடுத்த பணம் எனக்குத் திரும்பக் கிடைத்தது ஆட்டோஃபோகஸில்தான். வாகனத்தைக் கண்டறியும் வசதியை இயக்கிவிட்டால், பைக் தொலைவில் சிறு புள்ளியாக இருக்கும்போதே ஃபோகஸ் கட்டம் அதன் மேல் விழுந்து, நெருங்க நெருங்க ஓட்டுநரின் ஹெல்மெட்டுக்கு ஏறி அங்கேயே நிற்கிறது. நான்கைந்து பைக்குகள் ஒட்டி வரும்போது மட்டும் முன்னால் வருவதற்குத் தாவுவதுண்டு. அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிக்கொள்கிறேன்.

பேனிங் செய்ய, அதாவது ஓடும் வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிப் படமெடுக்க, கையைப் பழக்கியது கிருஷ்ணகிரி அணைச் சாலையில் போகும் டவுன் பஸ்களை வைத்துத்தான். 1/125 நொடி ஷட்டர் வேகத்தில், பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்து, சக்கரமும் பின்னாலுள்ள புளியமரங்களும் கோடுகளாக இழுபட்டிருந்தால் அந்தப் படம் தேறியது என்று கணக்கு. தொடக்கத்தில் இருபதுக்கு ஒன்றுதான் தேறியது.

லென்ஸும் கேமராவும் சேர்ந்து ஒன்றேகால் கிலோதான். நாள் முழுவதும் நின்றாலும் தோள் வலிப்பதில்லை. சென்சார் சிறியது என்பதால் வரும் 1.6 மடங்கு க்ராப் சேர, 640 மில்லிமீட்டர் அளவுக்கு எட்டுகிறது. இருந்தும் நண்பகலில் தார்ச்சாலையிலிருந்து எழும் கானலில் தொலைவுப் படங்கள் குழைந்துதான் போகும். எந்த லென்ஸ் இருந்தாலும் அப்படித்தான். 400 மில்லிமீட்டரில் ஒளி நுழையும் துளை எஃப்/8க்கு மேல் திறக்காது என்பதால், மாலையில் 1/1000 நொடிக்குப் போனால் ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறன் அளவு ஏறிப் படம் மணல் மணலாகிறது. பேனிங்குக்கோ அந்த வெளிச்சமே போதும். ஆகவே கடைசிப் பந்தயத்துக்கு வளைவை விட்டு, நேர்ப்பாதையின் பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுகிறேன்.