சிங்கப்பூர் – நியூயார்க்: நாலு எஞ்சினா, ரெண்டு எஞ்சினா, நடுவில் பிராங்பர்ட்டா?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் விமானங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலோர் நேராக ஏர்பஸ்ஸின் இரட்டை மாடி ராட்சத விமானமான ஏ380-க்குப் போய்விடுவார்கள். அந்த நிறுவனம் எப்படி யோசிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நியூயார்க் தடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த ஒரே தடத்தில் 2004-லிருந்து மூன்று வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். முதலில் ஏர்பஸ்ஸின் நாலு எஞ்சின் ஏ340-500, எங்கும் நிற்காமல். அப்புறம் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் நின்று போகும் ஏ380. 2018-லிருந்து ரெண்டு எஞ்சின் ஏ350, மறுபடியும் எங்கும் நிற்காமல்.

சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமானத் தடம் என்று ஒன்று கிடையாது. ஊரே நாடு. 1972-ல் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டாகப் பிரிந்தபோது மலேசியாவுக்காவது கோலாலம்பூர், பினாங்கு, கூச்சிங் என்று உள்ளூர்ப் பயணிகள் இருந்தார்கள். சிங்கப்பூர் விமானம் மேலே கிளம்பினாலே வெளிநாடுதான். அதனால் தொலைதூரத் தடங்களில் அவர்கள் காட்டும் பிடிவாதம் வெறும் பெருமைக்காக இல்லை, பிழைப்புக்காக.

ஏ340-500-ஐ வாங்கிய காலத்தில் அந்த முடிவுக்கு நல்ல காரணம் இருந்தது. ரெண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மிச்சம் இருக்கும் ஒன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டியாக வேண்டும் என்பது விதி. பசிபிக் மேலேயும் வட துருவத்தின் ஓரமாகவும் போகும்போது அது பெரிய கட்டுப்பாடு. நாலு எஞ்சின் இருந்தால் அந்தக் கவலை குறைவு. ஐந்து ஏ340-500 வாங்கினார்கள். 2004 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸுக்கும், ஜூன் மாதம் நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க்குக்கும் பறக்க ஆரம்பித்தார்கள். நியூவர்க் சுமார் 15,300 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல். இறந்துபோகும் பயணியின் உடலை மரியாதையாக வைப்பதற்கென்றே அந்த விமானத்தில் தனியாக ஓர் அலமாரி இருந்தது. நடுவில் இறங்க இடமில்லாத தடம் என்றால் என்ன என்பது அந்த ஓர் ஏற்பாட்டிலேயே தெரிந்துவிடும்.

இருக்கைகள் முதலில் 181. அதில் 64 பிசினஸ் கிளாஸ், மிச்சம் 117 கால் நீட்ட இடம் அதிகமுள்ள ஒரு வகை எகானமி. 2008-ல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் 100 பிசினஸ் கிளாஸ் இருக்கைகளாக மாற்றினார்கள். கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டதும் அதே வருஷம்தான், உலகப் பொருளாதாரம் சரிந்ததும் அதே வருஷம்தான். நிறுவனங்கள் பயணச் செலவைக் குறைக்கும் நேரத்தில் முழு விமானமும் நிறுவனங்களின் காசை நம்பிப் பறந்தது. 2012-ல் புதிய ஏ350, ஏ380 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது, இந்த ஐந்தையும் ஏர்பஸ்ஸே திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் ஆனது. 2013 நவம்பரோடு நியூவர்க் தடம் நின்றது.

அடுத்த ஐந்து வருஷம் நியூயார்க் போக ஒரே விமானத்தில் சீட் வேண்டும் என்றால் பிராங்பர்ட் வழிதான். நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வரைக்கும் ஏ380 போனது. இடம் தாராளம், எகானமியும் உண்டு, பாதி வழியில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம். கூடவே பிராங்பர்ட்டில் ஏறுபவர்களையும் ஏற்றிக்கொள்ளலாம், கணக்கில் இது பெரிய அனுகூலம். ஆனால் பயணிக்கு? பாதி வழியில் எழுந்து, கைப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து, அதே சீட்டில் வந்து உட்கார வேண்டும். இளைஞர்களுக்கு அது பொருட்டே இல்லை. முட்டி வலியோடு நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் ஓர் அம்மாவுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் மொத்தப் பயணத்திலேயே கடினமான பகுதி.

சரி, 2018 அக்டோபரில் வந்த ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை) அப்படி என்ன செய்தது? அதிகபட்சப் புறப்பாட்டு எடை 280 டன். ஏ340-500-க்கு அது 370 டன்னுக்கு மேல். எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர், பழையதற்கு 2,14,000 லிட்டருக்கும் அதிகம். சாதாரண ஏ350-900-ஐவிட 24,000 லிட்டர் கூடுதலாக ஏற்றுகிறது, ஆனால் அதற்காகப் புதிய டேங்க் எதுவும் வைக்கவில்லை. இருக்கிற டேங்கிலேயே எரிபொருள் அமைப்பை மாற்றி இடம் கண்டுபிடித்தார்கள். முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்படுத்துவதில்லை. எஞ்சின் நம்பகத்தன்மையும் விதிகளும் வளர்ந்ததில், ஒற்றை எஞ்சினில் 370 நிமிடம் வரை பறக்கும் தூரத்துக்கு ஏ350-900 வகைக்கு 2014-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. நாலு எஞ்சினுக்கு இருந்த ஒரே பெரிய நியாயமும் அங்கே போய்விட்டது.

ஆனால் எஞ்சினை மட்டும் காரணம் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டேங்க் கொள்ளளவை இருக்கைகளால் வகுத்துப் பாருங்கள். இது உண்மையில் எரிந்த அளவு இல்லை, ஒரு குத்துமதிப்புக்குத்தான். ஏ350-ல் 161 இருக்கைகள், தலைக்கு ஆயிரம் லிட்டர் சொச்சம். 181 இருக்கையோடு இருந்த பழைய ஏ340-500-ல் தலைக்கு 1,200 லிட்டர் அளவில். அதே விமானம் 100 இருக்கை ஆனபோது 2,100-ஐத் தாண்டுகிறது. ஆக, முதல் நாலு வருஷம் விமானம் பின்தங்கியிருந்தது கொஞ்சம்தான். தலைக்கு ஆகும் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது இருக்கை மாற்றம். இந்த முறை அந்தத் தவறைத் திரும்பச் செய்யவில்லை: 67 பிசினஸ், எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவிலான பிரீமியம் எகானமி 94. கம்பெனி காசில் போகிறவர், சொந்தக் காசில் போகிறவர் இருவருக்கும் இடம் இருக்கிறது.

உள்ளே உட்கார்ந்தால் வித்தியாசம் உடம்பில் தெரியும். பழைய அலுமினிய விமானங்களில் உள்காற்று சுமார் 8,000 அடி மலைமேல் இருப்பதுபோல் வைக்கப்படும், ஊட்டியைவிட உயரம். கார்பன் இழைக் கலவையில் செய்த ஏ350-ல் அது 6,000 அடி, ஏறக்குறைய குன்னூர். காற்றில் ஈரப்பதமும் அதிகம். பதினெட்டு மணி நேரத்துக்கு இந்த 2,000 அடி சின்ன விஷயம் இல்லை. தொண்டை வறள்வதும் தலை கனப்பதும் இறங்கிய பிறகுதான் கணக்கில் வரும்.

ஏ380-ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை. 2007 அக்டோபரில் சிட்னிக்குப் போன முதல் பயணத்தின் சீட்டுகளை ஏலம் விட்டு, வந்த பணத்தை அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அந்த நிறுவனத்துக்கு முதன்முதலில் வந்த ஏ380, பத்தே வருஷத்தில் குத்தகை முடிந்து திரும்பப் போய், 2019-ல் பிரான்ஸின் டார்ப் நகரில் உதிரிபாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டது. மொத்தம் வந்த 24-ல் இப்போது 12 இருக்கின்றன. கூட்டம் மொய்க்கும் தடத்துக்கு அதை விட்டால் ஆள் இல்லை. நியூயார்க்குக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

டிக்கெட் போடுகிறவர்களுக்கு என் சிபாரிசு: எகானமி விலைதான் முடியும் என்றால் பிராங்பர்ட் வழி, வேறு யோசனையே வேண்டாம், ஏனென்றால் யூஎல்ஆரில் எகானமி கிடையாது. பெற்றோரைத் தனியாக அனுப்புவதாக இருந்தால் கொஞ்சம் கூடச் செலவானாலும் நேரடி விமானத்தின் பிரீமியம் எகானமி. அதிலும் அறையின் பின்கோடியில் மூன்று வரிசைகளில் விமானத்தின் உடல் குறுகுவதால் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைதான் இருக்கும், மொத்தமே ஆறு. பக்கத்தில் யாரையும் எழுப்பாமல் கழிப்பறைக்குப் போய் வரலாம். சீக்கிரம் போட்டால் கிடைக்கும்.