பழைய நிக்கான் டி750: வாங்கும் விலையும் விற்கும் விலையும்

2014 செப்டம்பரில் நிக்கான் அறிவித்த டி750 கேமரா இன்னும் கல்யாண மண்டபங்களில் உழைத்துக்கொண்டிருக்கிறது. 24.3 மெகாபிக்சல் முழு ஃபிரேம் (35 எம்எம் ஃபிலிம் அளவு) சென்சார், நொடிக்கு 6.5 படம், இரண்டு எஸ்டி கார்டு, மடங்கும் திரை, பாடிக்குள்ளேயே (லென்ஸ் இல்லாத கேமராதான் பாடி) ஃபோகஸ் மோட்டார். மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்தாலும் ஆல்பத்துக்குத் தாங்கும் படம் வரும். குறைகளும் கண்ணுக்குத் தெரிந்தவைதான்: 4கே வீடியோ கிடையாது, லைவ் வியூவில் (திரையைப் பார்த்து எடுக்கும்போது) ஃபோகஸ் ஆமை வேகம், ஷட்டரின் உச்ச வேகம் 1/4000 நொடி. வீடியோதான் முக்கியத் தொழில் என்றால் இதன் பக்கம் வரவே வேண்டாம். புகைப்படத்துக்கு, குறிப்பாக முதல் முழு ஃபிரேம் வாங்குகிறவருக்கு, பழைய சந்தையில் இதைவிட நிதானமான பண்டம் கிடைப்பது அரிது. 2018இல் நிக்கானின் மிரர்லெஸ் இசட் வரிசை வந்தபோது, டி750 போன்ற பழைய எஃப் மவுண்ட் (லென்ஸ் பொருத்தும் வளையம்) பாடிகளின் விலை சரியத் தொடங்கியது. பெரிய சரிவு நடந்து முடிந்துவிட்டதால், இப்போது சரியான விலைக்கு வாங்குகிறவர் இரண்டு வருடம் கழித்து விற்கும்போது அதிகம் இழக்க மாட்டார். அந்தச் சரியான விலை எது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் இந்த மாடலுக்கே உரிய இரண்டு பழைய வியாதிகள். ஒன்று, ஃபிரேமுக்குச் சற்று மேலே பளிச்சென்ற விளக்கோ சூரியனோ இருந்தால் படத்தின் மேல்பக்கம் பிறை போல ஒரு ஃபிளேர் (சிதறிய ஒளி) வந்து, அதன் விளிம்பு கறுப்பாக வெட்டுப்பட்டுத் தெரியும். ஆரம்பத் தயாரிப்புகளில் இருந்த இந்தக் கோளாறை நிக்கான் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. இன்னொன்று ஷட்டர். படத்தின் ஒரு பகுதியில் நிழல் விழுகிறது என்பதால் 2015 ஜூலையில் ஷட்டரை இலவசமாக மாற்றித்தருவதாக நிக்கான் அறிவித்தது. பாதிக்கப்பட்ட எண்களின் பட்டியலைப் பிறகு 2016இலும் 2017இலும் நீட்டியது. ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது சீரியல் எண். அந்த எண் பட்டியலில் இருந்து, ஷட்டர் மாற்றிய சர்வீஸ் ரசீதும் இருந்தால் அது குறையல்ல, கூடுதல் மதிப்பு. ரசீது இல்லை, "எல்லாம் மாத்தியாச்சு சார்" என்ற வாய்வார்த்தை மட்டும்தான் என்றால், மாற்றவில்லை என்றே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது ஷட்டர் கவுன்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கு. டி750 ஷட்டரை நிக்கான் சோதித்தது 1,50,000 படத்துக்கு. அது காலாவதித் தேதி அல்ல. இரண்டு லட்சம் தாண்டி ஓடுவதும் உண்டு, எண்பதாயிரத்தில் படுத்துக்கொள்வதும் உண்டு. விலை பேச மட்டும் அந்த எண் நல்ல அளவுகோல். நிக்கான் பாடிகள் இந்தக் கணக்கை ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் இருக்கும் எக்ஸிஃப் தகவலில் எழுதிவைக்கின்றன, எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் உதிர்ந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். லைட்ரூமில் திருத்திய படம் வேண்டாம், கேமராவிலிருந்து நேராக வந்த ஜேபெக் அல்லது நெஃப் (நிக்கானின் ரா) கோப்பு வேண்டும். அதே கோப்பில் சீரியல் எண்ணும் இருக்கும். பாடியில் அச்சிட்ட எண்ணும் கோப்பில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், உள்ளே போர்டு மாறியிருக்கிறது அல்லது வெளி உறை மாறியிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் கவுன்ட்டை நம்ப முடியாது.

கவுன்ட்டைக் கதையோடு ஒட்டிப் பார்ப்பதும் அவசியம். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம், வருடத்துக்கு 30 கல்யாணம் என்றாலே 90,000. ஐந்து வருடம் ஸ்டுடியோவில் ஓடிய பாடி 25,000 காட்டினால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். ஷட்டர் மாற்றும்போது கவுன்ட் திருப்பிவைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அது வீடியோவுக்கே பயன்பட்ட பாடியாக இருக்கலாம். மணிக்கணக்கில் வீடியோ ஓடினாலும் கவுன்ட் பெரிதாக ஏறாது, ஆனால் சென்சாரும் திரையும் சூட்டில் உழைத்திருக்கும்.

நேரில் பார்க்கப் போகும்போது உங்கள் கார்டு இரண்டு, ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், சின்ன டார்ச், முடிந்தால் லேப்டாப் எடுத்துப்போங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், சோதிக்க முக்கால் மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

வெளித்தோற்றத்தில் கீறலைவிடத் திருகாணிகளைக் கவனியுங்கள். ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பிடி ரப்பரும் கார்டு மூடி ரப்பரும் வியர்வையிலும் வெயிலிலும் உப்பிக் கழன்றுவருவது சாதாரணம், அது சில்லறைச் செலவு. ஃபிளாஷ் பொருத்தும் ஹாட் ஷூவிலும் பேட்டரி அறையின் உலோக முனைகளிலும் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அது சில்லறை அல்ல. மாமல்லபுரம், புதுச்சேரிக் கடற்கரையில் மணமக்களை நிறுத்தி எடுத்தே தேய்ந்த பாடிகள் நிறைய உண்டு. உப்புக்காற்று பட்ட பாடி இன்று வேலை செய்யும், ஆறு மாதத்தில் ஒவ்வொரு பட்டனாகச் செத்துக்கொண்டு வரும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

சென்சாருக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்து, வேண்டுமென்றே ஃபோகஸைக் கலைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள். மங்கலான புள்ளிகள் தூசு, புளோயரில் போகும். வட்டமாக, விளிம்பு தெளிந்த புள்ளிகள் எண்ணெயாக இருக்கலாம், ஈரத்துடைப்பில் போகும். மெனுவில், சென்சாருக்கு முன்னால் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியைத் தூக்கிவைக்கும் வசதி இருக்கிறது (பேட்டரி நிறைய இருந்தால்தான் அனுமதிக்கும்). தூக்கிவைத்து டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் அது சென்சார் மேலுள்ள கண்ணாடியில் விழுந்த கீறல், எந்தத் துடைப்பிலும் போகாது. துடைக்கத் தெரியாதவர் துடைத்ததன் அடையாளம் அது.

ஷட்டருக்குத் தனிச் சோதனை. அதே சுவர், எஃப் 2.8, ஷட்டர் 1/4000. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள். இருபது படம் தொடர்ச்சியாக எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் மேலோ கீழோ இருட்டுப் பட்டை தெரிந்தால், அல்லது படத்துக்குப் படம் வெளிச்சம் கூடிக்குறைந்தால், ஷட்டர் திரைகள் ஒத்து ஓடவில்லை. குழல்விளக்கு, எல்இடி வெளிச்சத்தில் இதைச் செய்யாதீர்கள். அந்த விளக்குகளின் துடிப்பே பட்டை போலத் தெரியும், நல்ல பாடியையும் கெட்டது என்று தள்ளிவிடுவீர்கள்.

ஃபோகஸைப் பார்க்க 50 எம்எம்மை எஃப் 1.8இல் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, வியூஃபைண்டர் வழியாக ஒன்றும் லைவ் வியூவில் ஒன்றும் எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூ கூர்மை, வியூஃபைண்டர் மங்கல் என்றால் ஃபோகஸ் தள்ளியிருக்கிறது. லென்ஸுக்கு லென்ஸ் ஃபோகஸைத் திருத்தும் ஏஎஃப் ஃபைன் ட்யூன் மெனுவில் முந்தைய உரிமையாளர் என்ன வைத்திருந்தார் என்றும் பாருங்கள். மூன்று நான்கு லென்ஸுக்கும் ஒரே பக்கமாகப் பதினைந்து, பதினெட்டு என்று இருந்தால் பாடி எங்கோ விழுந்து எழுந்திருக்கிறது. மையப்புள்ளி மட்டும் போதாது, 51 ஃபோகஸ் புள்ளிகளில் ஓரத்தில் உள்ளவற்றையும் சோதியுங்கள். தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் ஒன்று கிடைத்தால் மாட்டிப் பாருங்கள், பாடி மோட்டார் உயிரோடு இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

மடங்கும் திரையை மேலும் கீழும் அசைத்தபடியே ஒரு படத்தைத் திரையில் ஓடவிடுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் திரை அணைந்தால் உள்ளே ஃபிளெக்ஸ் கேபிளில் (வளையும் பட்டை ஒயர்) விரிசல் விழுந்துவிட்டது. இரண்டு கார்டு துளை, உள் ஃபிளாஷ், வெளி ஃபிளாஷ், சக்கரங்கள் எண்ணைத் தாண்டிக் குதிக்கின்றனவா என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை. செட்டப் மெனுவில் பேட்டரி தகவல் என்ற பக்கம் 0 முதல் 4 வரை ஒரு எண் காட்டும். 0 புதிது, 4 தூக்கிப்போட வேண்டியது.

லென்ஸோடு சேர்த்து வாங்கினால் நம் ஊரில் முதல் எதிரி ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. சென்னையின் ஈரத்தில் பையோடு பீரோவில் வைத்த லென்ஸ் ஒரு மழைக்காலத்திலேயே பூத்துவிடும். நிக்கான் ஜி லென்ஸில் (அபெர்சர் வளையம் இல்லாதது) பின்பக்கமுள்ள சிறு நெம்புகோலைத் தள்ளினால் அபெர்சர், அதாவது ஒளி நுழையும் துளை, திறக்கும். திறந்தபடி முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பின்னால் பாருங்கள். தூசு சிதறிக் கிடக்கும், ஃபங்கஸ் வேர் போலக் கிளைத்திருக்கும். வெளிக்கண்ணாடியில் என்றால் துடைக்கலாம், நடுக்கண்ணாடியில் என்றால் விட்டுவிடுங்கள்.

இனி விலை. விளம்பரத்தில் எழுதியிருப்பது விற்பவரின் ஆசை, சந்தை விலை அல்ல. உத்தரவாதத்தோடு விற்கும் மூன்று கடைகளில் நல்ல நிலையிலுள்ள பாடிக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து, அதன் நடுவிலையை அடிப்படையாக வையுங்கள். ஷட்டர் மாற்ற என்ன ஆகும், உதிரி கிடைக்கிறதா என்று சர்வீஸில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பிறகு கழித்தல்தான். கணக்குப் புரிவதற்காக மட்டும் சில எண்கள்: அடிப்படை 40,000 ரூபாய், ஷட்டர் மாற்ற 12,000. கவுன்ட் 90,000 என்றால் ஆயுளில் 60 விழுக்காடு போயிற்று, 7,200 கழியுங்கள். அசல் பேட்டரியும் சார்ஜரும் இல்லை, 3,500. ரப்பர் ஒட்ட 1,500. கடை உத்தரவாதம் இல்லாத தனிநபர் விற்பனை என்பதற்கு அடிப்படையில் 10 விழுக்காடு, 4,000. மிச்சம் 23,800. இதுதான் உங்கள் உச்சவரம்பு. பேரம் இதற்குக் கீழே தொடங்க வேண்டும்.

இதே கணக்கு விற்கும்போதும் உதவும். பேட்டரி, சார்ஜர், ரப்பருக்குச் செலவழித்து மொத்தம் 28,800 போட்டாயிற்று. இரண்டு வருடத்தில் 20,000 படம் எடுத்தீர்கள், அடிப்படை விலை 32,000 ஆக இறங்கியது என்று வையுங்கள். கவுன்ட் 1,10,000க்கு 8,800, தனிநபர் விற்பனைக்கு 3,200 கழித்தால் 20,000 கேட்கலாம். இரண்டு வருடப் பயன்பாட்டுக்கு ஆன செலவு 8,800, மாதம் 370 ரூபாய்கூட இல்லை. வாங்கும்போது ஆசையில் ஐயாயிரம் கூடக் கொடுத்திருந்தால் அந்த ஐயாயிரம் அப்படியே இந்தச் செலவில் ஏறிவிடும், திரும்ப வராது.

கடையில் கொடுத்தால் குறைவாகக் கேட்கிறார்கள் என்ற புகார் எப்போதும் உண்டு. 27,800க்கு விற்கப்போகும் பாடியைக் கடைக்காரர் 20,000க்கு வாங்குகிறார் என்று வையுங்கள். பழைய பொருள் வியாபாரிக்கு, வாங்கும்போது உள்ளீட்டு வரிக் கழிவு (கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காவிட்டால், லாப வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டும் முறை இருக்கிறது. 7,800க்குள் 18 விழுக்காடு வரி அடக்கம் என்றால் சுமார் 1,190 போய்விடும். மிச்சத்தில்தான் சுத்தம் செய்வது, மூன்று மாத உத்தரவாதம், அலமாரியில் முடங்கிய பணம் எல்லாம். விற்கும் விலையில் 65 முதல் 75 விழுக்காடு கொடுக்கும் கடை நியாயமான கடை. 55க்குக் கீழே கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அமெரிக்காவின் கேஇஹெச், பிரிட்டனின் எம்பிபி போன்ற பழைய கேமரா நிறுவனங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் தரம் பிரித்து விலை போடுகின்றன. நம் ஊரில் பல கடைகள் எல்லாவற்றுக்கும் "மின்ட் கண்டிஷன்" (புதிது போல) என்று ஒரே சொல்லை ஒட்டிவிடுகின்றன.

பருவமும் விலைதான். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. கை இறுகிய ஸ்டுடியோக்கள் இரண்டாவது பாடியை அப்போதுதான் சந்தைக்கு விடும். ஆவணிக்கும் தைக்கும் முந்தின இரண்டு வாரம் தேவை எகிறும். வாங்குவதை ஆடியிலும், விற்பதைத் தை பிறக்கும் முன்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கும்போது பாடியையும் லென்ஸையும் பிரித்து விற்றால் பெரும்பாலும் கூடுதல் கிடைக்கும், லென்ஸ் விலை அவ்வளவு வேகமாக இறங்காது. குறையை மறைக்காமல் படம் எடுத்துப் போடுங்கள், கவுன்ட் தெரியும் கோப்பையும் கேட்கும் முன்பே கொடுங்கள். கேட்பவர் பத்தில் ஏழு பேர் விலகிப்போவார்கள், மிஞ்சிய மூவர் வாங்க வந்தவர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், பார்க்காமலே வாங்கிக்கொள்கிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கள் என்று எவராவது சொன்னால் அங்கேயே போனை வையுங்கள். பணம் வாங்க யாரும் ஸ்கேன் செய்யவோ பின் போடவோ தேவையில்லை. ஸ்க்ரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பையைக் கொடுங்கள்.

கொடுக்கும் முன் மெனுவில் காப்புரிமைத் தகவல், படக் குறிப்பு இரண்டையும் அழியுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் உங்கள் ஸ்டுடியோ பெயர் போய்க்கொண்டிருக்கும். செட்டிங்கை ரீசெட் செய்து கார்டுகளை எடுத்துவிடுங்கள். திருட்டுப்பொருள் கைமாறுவது நடக்கிற ஊர்தான் இது, ஆகவே ரசீது அவசியம், வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும்: மாடல், சீரியல் எண், கவுன்ட், விலை, தேதி, இருவர் கையெழுத்து, இருவரின் அடையாள அட்டை நகல். பழைய பில் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.