மாட்ரிட்டில் சீஸ் வாங்குபவர்கள் கவனம்: 58 யூரோ போச்சு

நேற்று மாலை தொடங்கிய கூத்து. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்ரிட்டுக்கு வந்ததே பாதி சீஸுக்காகத்தான். சான் மிகேல் சந்தையில் இரும்புத் தூண்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டே தின்றேன். காப்ராலெஸின் நீலப்பூசணக் காரம், புகை போட்ட இடியாசாபால், மேல்தோலை வெட்டிவிட்டுக் கரண்டியால் வழித்துத் தின்னும் டோர்ட்டா டெல் காசார். எல்லாம் அருமை. ஊருக்கு எடுத்துப்போக மான்செகோ என்ற செம்மறிப்பால் சீஸ் மட்டும் பாக்கி. அங்கேதான் மாட்டினேன்.

சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஒரு தெருவில் சின்ன சீஸ் கடை. கடைக்காரர் சரளமாக ஆங்கிலம் பேசினார். ஒரு வருடம் பழுத்தது என்று பெரிய வட்டத்திலிருந்து ஒரு கீற்று வெட்டி நீட்டினார். வாயில் போட்டால் வறுத்த முந்திரி வாசம், தொண்டையில் லேசான உறைப்பு. தோலில் பாய் பின்னியது போன்ற கோடுகள். எஸ்பார்டோ புல்லில் பின்னிய அச்சின் தடம் அது, மான்செகோவின் அடையாளம் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த அரைகுறை அறிவுதான் என்னைக் கவிழ்த்தது. "பயணத்துக்குத் தோதாகக் கட்டித் தருகிறேன்" என்று உள்ளே போனார். நான் வெளியே நின்று இன்னொரு கீற்று தின்றுகொண்டிருந்தேன். தடித்த காகிதம், சணல் கயிறு, இரண்டு கிலோ, 58 யூரோ. நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

அறையில் பிரித்தால், உள்ளே பிளாஸ்டிக் உறையில் பொடி எழுத்தில் 'கேசோ தே மெஸ்க்லா'. கலப்புப் பால் சீஸ்! சேர்மானப் பட்டியலில் முதலில் பசும்பால், அப்புறம் வெள்ளாட்டுப் பால், கடைசியில் செம்மறிப் பால். மான்செகோவை ஸ்பெயினின் லா மான்சா பகுதியில், மான்செகா இனச் செம்மறியின் பாலில் மட்டும்தான் செய்ய வேண்டும். என் தலையில் கட்டியது பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது.

ஓடினேன். நேற்று சரளமாக வந்த ஆங்கிலம் இன்று காலை அவருக்கு மறந்துபோயிருந்தது. பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். முதலாளி மாலையில் வருவாராம். மாலையில் போனால் நாளை வருவாராம். ரசீதைக் காட்டச் சொன்னார். என்னிடம் இருந்தது கார்டு மெஷின் துண்டுச்சீட்டு, அதில் 58 யூரோ என்பதைத் தவிர ஒன்றுமில்லை. புகார்ப் படிவம் கேட்டேன், 'ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்' என்பார்கள், கடையில் வைத்திருப்பது கட்டாயம். தீர்ந்துவிட்டதாம்.

கடுப்போடு லா செபாடா சந்தைக்குப் போனேன். ஒரு கடைக்கார அம்மா என் பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பாய்க் கோடு எந்த சீஸிலும் வரும், இப்போது பிளாஸ்டிக் அச்சு என்றார். தன் மான்செகோ வட்டத்தைத் திருப்பி, தோலோடு ஒட்டியிருந்த எண் பொறித்த சிறு வில்லையைக் காட்டினார். அசல் மான்செகோவின் அடையாளம் அதுதான்: பால் புரதமான கேசினில் செய்தது, வட்டத்துக்கு ஒரு எண்.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், விமானத்துக்கு நேரமாகிவிட்டது. கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள். காகிதம் சுற்றுவதற்கு முன் லேபிளைப் படியுங்கள், 'மெஸ்க்லா' என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பொருளின் பெயர் போட்ட பில் இல்லாமல் நகராதீர்கள். 58 யூரோ! அந்தக் கலப்பு சீஸை அறையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.