கட்டடமா, நிலமா, வைப்பு நிதியா: ஊருக்குக் கொடுக்கும் பணம் எதில் நிற்கும்?

ஊர்க் காரியத்துக்கு என்று 10 லட்சம் சேர்ந்துவிட்டால் டெல்டா கிராமங்களில் பேச்சு மூன்று பக்கம் போகும். கட்டடம் கட்டலாம், நிலம் வாங்கி எழுதி வைக்கலாம், வங்கியில் போட்டு வட்டியில் காரியம் நடத்தலாம். நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கட்டடத்தில் ஒரு வசதி, கொடுத்தவர் பெயர் கண்ணுக்குத் தெரியும். டியூப்லைட்டிலேயே வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதுகிற ஊர் நம்முடையது. சிக்கல் திறப்பு விழா முடிந்த பிறகு. வேதாரண்யம், நாகை பக்கம் உப்புத் தண்ணீருக்கு ஆர்.ஓ. பிளான்ட் கேட்பார்கள். கார்ட்ரிட்ஜை சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேனை 2, 3 வருடத்துக்கு ஒருமுறை. மெம்பரேனில் உப்புப் படியாமல் இருக்க ஊற்றும் மருந்து தீர்ந்து, வாங்க ஆள் இல்லையென்றால் மெம்பரேன் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். கரண்ட் பில் தனி. இதற்கெல்லாம் யார் கணக்கிலிருந்து பணம் என்று முதல் நாளே எழுதாத பிளான்ட் சீக்கிரம் பூட்டிக் கிடக்கும். பள்ளிக்கூட வகுப்பறை, சுற்றுச்சுவர் போன்றவற்றுக்கு 'நமக்கு நாமே' திட்டம் நல்ல வழி: மக்கள் பங்காக மூன்றில் ஒரு பாகம் கட்டினால் மீதியை அரசு போடும். கட்டடம்தான் என்று முடிவானால் அந்த வழியில் போங்கள்.

நிலம் எழுதி வைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம், மனசுக்கும் அதுதான் பிடிக்கும். கணக்குதான் இடிக்கிறது. ஏக்கர் 10 லட்சம், ஒரு போக விளைச்சல் 20 குவிண்டால், குவிண்டால் 2,500 ரூபாய் என்று வையுங்கள். குத்தகைக்கு விட்டால் நியாய வாரச் சட்டப்படி நில உடைமையாளருக்கு 25 சதவீதம், அதாவது 12,500. குறுவையும் சம்பாவும் விளைந்தால் 25,000. மேட்டூர் ஜூன் 12 அன்று திறக்காத வருடம் குறுவை சந்தேகம், கடைமடையில் சொல்லவே வேண்டாம். குத்தகை பாக்கி விழுந்தால் வசூலிக்க ஒருவர் வருவாய் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும். நில மதிப்பு ஏறும், உண்மைதான். ஆனால் பத்திரத்தில் அதிகாரம் தராவிட்டால் கோர்ட் அனுமதியில்லாமல் விற்க முடியாது, ஏறிய மதிப்பால் ஊருக்குப் பயனில்லை.

அதே 10 லட்சம் 6.5 சதவீதத்தில் வருடம் 65,000 தரும். வட்டியில் தர்மம் நடத்துவது புதுப்பழக்கமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசை ஊர்ச் சபைகளுக்குக் கொடுத்து, காசொன்றுக்கு வருடம் அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம், வட்டி வாங்கியிருக்கிறார்கள். அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு கொடுத்து, தினம் உழக்கு நெய் அளக்கச் சொல்லி, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். மந்தை குறையக் கூடாது, நெய் மட்டும் வர வேண்டும்.

வைப்பு நிதிக்கும் பராமரிப்பு உண்டு. அது காகிதத்தில். பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்தான்: இரண்டு பெரியவர்கள் பெயரில் கூட்டுக் கணக்கு. ஒருவர் காலமானதும் வங்கி வாரிசுச் சான்று கேட்கும், பிள்ளைகள் இது அப்பா பணம் என்பார்கள். ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிந்து, அதன் பெயரில் பான் எடுத்த பிறகே டெபாசிட். அறங்காவலர் 5 அல்லது 7 பேர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை இருவர் இறங்கிப் புதியவர் ஏற வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். அவர்களில் மூவருக்குக் கையெழுத்து அதிகாரம் தந்து, அந்த மூவரில் இருவர் கையெழுத்தில் கணக்கு இயங்கட்டும்.

ஒரே ரசீதாகப் போடாதீர்கள். மூன்றாகப் பிரித்து மூன்று வங்கியில் போடலாம். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்ந்து 5 லட்சம் வரைதான், கூட்டுறவு வங்கி என்றால் இது முக்கியம். கல்வி உதவி என்றால் வட்டி மே மாதம் கைக்கு வரும்படி தேதி வையுங்கள், ஜூனில் பள்ளி திறந்துவிடும். வங்கி வட்டியில் டி.டி.எஸ். வரியாக 10 சதவீதம் பிடித்தால், வருமான வரி ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பும்.

விலைவாசிதான் இதன் பலவீனம். வருமான வரிப் பதிவு பெற்ற அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும், 15 சதவீதத்தைத்தான் தாராளமாக நிறுத்தி வைக்கலாம். 65,000-இல் அது 9,750. அசல் ஆண்டுக்கு ஒரு சதவீதம்கூட வளராது. அதனால் மேலும் மேலும் நன்கொடை சேர வேண்டும். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து நடத்துகிறவர்கள் மேசையில் நிதிக்கும் ஒரு நோட்டு வைக்கலாம். தருபவர் 'அசலுக்கு' என்று எழுத்தில் தர வேண்டும், இல்லாவிட்டால் அது அந்த வருட வருமானமாகிவிடும். தருபவருக்கு வருமான வரியில் 80ஜி சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் செல்லாது.

சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் உறவினரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்த பாஸ்போர்ட் என்பது. இந்திய பாஸ்போர்ட் என்றால் தடையில்லை. அந்நாட்டுக் குடிமகனாகிவிட்டவர் பணம் வெளிநாட்டு நன்கொடை, அதற்கான சட்டமாகிய எஃப்.சி.ஆர்.ஏ.-வில் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. அறக்கட்டளைக்குப் பதில் சங்கமாகப் பதிவு செய்வதும் ஒரு வழி, குறைந்தது ஏழு உறுப்பினர் போதும். எங்களுக்கு அதில் அனுபவம் குறைவு, நடத்தியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம்.