டேலி பிரைம்: மொத்த வியாபாரக் கடையின் கணக்கறையிலிருந்து ஒரு மதிப்பீடு

மின்சாதன மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதுபவன் நான். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளைத் திறக்காமல் என் வேலைநாள் தொடங்குவதில்லை. ஜிஎஸ்டி தாக்கலுக்காக மட்டும் இதை வாங்கி வைத்திருக்கும் கடைக்காரர், கொடுத்த விலைக்குப் பாதிப் பயன்கூட எடுக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. வரவேண்டிய பாக்கி, இருப்பிலுள்ள சரக்கு, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க உதவுவதே இந்த மென்பொருளின் உண்மையான மதிப்பு.

ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகங்களும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காததால் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னதிலிருந்து பிறந்தது டேலி. பெங்களூரில் 1986-இல் தொடங்கிய அந்த முயற்சி வியாபாரியின் தேவையிலிருந்து வந்தது என்பதை இன்றும் உணர முடிகிறது. கணக்குகளுக்குக் குறியீட்டு எண் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விற்பனை பில்லுக்கான எஃப்8 விசையை அழுத்தி, வாடிக்கையாளர் பெயரில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினால் அவருடைய கணக்கான பேரேடு முன்னால் வந்து நிற்கும். புதியவர் என்றால், பில்லை விட்டு வெளியேறாமலே ஆல்ட்டும் சியும் அழுத்திப் பேரேட்டை உருவாக்கிக்கொள்ளலாம். வயரை 90 மீட்டர் காயிலாகவும் விற்கிறோம், சில நேரம் மீட்டர் கணக்கிலும் வெட்டிக் கொடுக்கிறோம். மாற்று அலகை ஒருமுறை அமைத்துவிட்டால் இருப்பு இரண்டு வகையிலும் சரியாகத் தெரிகிறது.

இதன் அருமை, ஒரு வரம்புக்குள் வேண்டியபோது எடுத்துத் திருப்பிக் கட்டும் கேஷ் கிரெடிட் என்ற கடனை வங்கியில் வாங்கும்போதுதான் முழுமையாகப் புரியும். சிறு தொழில்களுக்கு அன்றாட வியாபாரத்தை நடத்தத் தேவைப்படும் பணமான நடைமுறை மூலதனத்தின் 5 கோடி ரூபாய் வரையிலான வரம்பை, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் என்று கணக்கிடும் முறை, ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரையால் வந்தது. ஆனால் வரம்பு அனுமதிக்கப்பட்டுவிட்டது என்பதற்காக அவ்வளவு பணத்தையும் எடுத்துவிட முடியாது; மாதந்தோறும் நாம் கொடுக்கும் இருப்புப் பட்டியலையும் பாக்கிப் பட்டியலையும் வைத்து, எவ்வளவு எடுக்கலாம் என்ற டிராயிங் பவரை வங்கி கணக்கிடுகிறது. ஓர் உதாரணம்: வரம்பு 50 லட்சம், இருப்பு 40 லட்சம், அதில் சரக்கு கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியது 12 லட்சம் என்றால், மீதி 28 லட்சத்தில், நம் பங்காக வங்கி விட்டுவைக்கும் 25 சதவீத மார்ஜினைக் கழித்து 21 லட்சம் கிடைக்கும். 90 நாளுக்கு உட்பட்ட பாக்கி 30 லட்சமாக இருந்து, அதற்கு மார்ஜின் 40 சதவீதமாக இருந்தால் இன்னொரு 18 லட்சம்; ஆக, எடுக்கக்கூடியது 39 லட்சம்தான். அந்தப் பாக்கியில் 6 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டால் வங்கி அதைக் கணக்கில் சேர்க்காது; அடுத்த மாதம் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கையை விட்டுப் போகிறது. எந்த வாடிக்கையாளரின் எந்த பில் அந்த எல்லையை நெருங்குகிறது என்பதை டேலியின் பாக்கி அறிக்கை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. வசூலுக்கு யாரிடம் முதலில் போக வேண்டும் என்பதை முதலாளி அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பணம் வரும்போது அது எந்த பில்லுக்கு உரியது என்று, அகெய்ன்ஸ்ட் ரெஃப் என்ற தெரிவில் அந்த பில்லைக் காட்டிப் பதிய வேண்டும். அவசரத்தில் எல்லா வரவையும், எந்த பில்லோடும் சேர்க்காமல் ஆன் அக்கவுண்ட் என்று போட்டுவிட்டால் மொத்தப் பாக்கி சரியாக இருக்கும். வயதுக் கணக்கு மட்டும் முற்றிலும் பொய்யாகிவிடும். பல கடைகளின் கணக்கில் இந்தக் குறையைப் பார்க்கிறேன், மிகவும் வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அதைச் சரியாகப் பதிய ஆகும் நேரம் சில நொடிகள்தான்.

வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் வசதியும் பாராட்டுக்குரியது. கொடுத்த காசோலைகளில் எவை இன்னும் பணமாகவில்லை, வங்கி எடுத்துக்கொண்ட கட்டணங்களில் எவை நம் ஏட்டில் ஏறவில்லை என்பவை ஒரே திரையில் தெரிகின்றன. வங்கி தரும் மின்னணு அறிக்கையை உள்ளே ஏற்றிப் பொருத்தலாம். 2025-இல் வந்த 6.0 பதிப்பு, இணைந்துள்ள வங்கிகளின் இருப்பையும் பரிமாற்றங்களையும் டேலிக்குள்ளேயே காட்டுகிறது. யுபிஐ வழியாகச் சிறு சிறு தொகைகள் நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும் கடைகளுக்கு இது பெரிய நிம்மதி.

ஜிஎஸ்டி பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நமக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையை நம் கொள்முதலோடு ஒப்பிடுவது வரை நன்றாகவே நடக்கிறது.

குறைகளில் முதன்மையானது, கையில் இல்லாத சரக்கையும் விற்க இது இடம் கொடுப்பது. திரை எச்சரிக்கும், ஆனால் தடுக்காது. கொள்முதல் பில் ஒரு வாரம் தாமதமாக ஏறினால் அதுவரை இருப்பு எதிர்மறையாகக் காட்டும்; அந்த இடைவெளியில் எடுக்கும் லாப அறிக்கையை நம்பவே கூடாது. அடுத்தது, கணக்குத் தரவு பெரும்பாலும் கடையிலுள்ள கணினியில்தான் இருக்கிறது என்பது. அந்த வன்வட்டு பழுதானால் என்ன ஆகும் என்று பலர் யோசிப்பதே இல்லை. தினமும் நகலெடுத்து வேறோர் இடத்தில் வைக்கும் பொறுப்பைக் கடையில் ஒருவருக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

பதிவுகளை யார், எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் எடிட் லாக் வசதியையும் இங்கே சொல்ல வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற நிறுவனங்கள் இத்தகைய தடம் காட்டும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. தனிநபர் உரிமைக் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும், கணக்கு எழுதுபவர் வேறு, முதலாளி வேறு என்றிருக்கும் எந்தக் கடையும் இதை இயக்கி வைப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஒரே கணினி என்றால் சில்வர் உரிமம் போதும். பில் போடுபவரும் கணக்கரும் கிடங்குக்காரரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால் கோல்டு தேவை. அதன் விலை சில்வரைப்போல் மூன்று மடங்கு. வாடகை முறையும் உண்டு என்பதால், தயங்குபவர்கள் முதலில் அதில் தொடங்கலாம். நிரந்தர உரிமம் வாங்கினாலும் புதிய பதிப்புகளைத் தொடர்ந்து பெறச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவையும் ஆண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்கோடு வைத்து நிமிடத்துக்கு நிமிடம் பில் போடும் பல்பொருள் அங்காடிக்கு மட்டும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வேகத்துக்கென்றே எழுதப்பட்ட சில்லறை பில்லிங் மென்பொருளை முன்மேசையில் வைத்து, நாள் முடிவில் மொத்த விற்பனையை டேலிக்குக் கொண்டுவருவதே அவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு.