சைக்கிள் கம்ப்யூட்டர் மவுண்ட்: சில வருஷம் ஓட்டினப்புறம் எழுதறேன்

எந்த சைக்கிள் கம்ப்யூட்டர் (ஸ்பீடு, தூரம் எல்லாம் காட்டற குட்டி மெஷின்) வாங்கலாம்னு ரிவ்யூ கொட்டிக் கிடக்கு, ஆனா அதை ஹேண்டில்பார்ல பிடிச்சு வைக்கற அந்தக் குட்டித் துண்டைப் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க. நான் ஓட்டறது பெரும்பாலும் சென்னை ஈசிஆர் கடற்கரை ரோடு, திருவான்மியூர்ல கிளம்பி முட்டுக்காடு, கோவளம், கால் ஒத்துழைச்சா மகாபலிபுரம், நடுநடுவுல ப்ரெவே, அதாவது நேரக் கெடு வச்சு ஓட்டற நெடுந்தூர ரைடு. வண்டி ஹைப்ரிட். மெஷின் பேரு இங்க முக்கியம் இல்ல, பின்னாடி காது மாதிரி ரெண்டு துண்டு நீட்டிட்டு இருக்கற, மவுண்ட்ல வச்சு கால்வாசி சுத்து திருப்பி லாக் பண்ற ஜிபிஎஸ் கம்ப்யூட்டர். ரப்பர் பேண்ட், பாருக்கு முன்னாடி நீட்டிட்டு நிக்கற ப்ளாஸ்டிக் அவுட்ஃப்ரண்ட், அலுமினியம்னு எல்லாத்தையும் நல்லா உழைக்க விட்டுட்டுதான் சொல்றேன்.

ரப்பர் பேண்ட் மவுண்டை சும்மா ஓசில வந்ததுன்னு மட்டம் தட்டாதீங்க. டூல் வேண்டாம், வேற வண்டிக்கு ஒரு நிமிஷத்துல மாத்திடலாம், கார்பன் பாரா இருந்தாலும் நசுங்குமோன்னு பயம் இல்ல. ஆனா அந்த ரப்பர் நாள் பூரா இழுத்த நிலையிலயே நிக்குது, அப்படி நிக்கற ரப்பர் மேல வெயிலும் காத்துல இருக்கற ஓசோனும் வேலை காட்டினா வெடிப்பு விட்டே தீரும். கொக்கில மாட்டற இடத்துல விரலால லேசா மடிச்சுப் பாருங்க, குறுக்கால முடி மாதிரி கோடு கோடா தெரியும். தெரிஞ்சா அன்னைக்கே மாத்திடுங்க, பத்து இருபது ரூபா சமாச்சாரம்.

பேண்ட் மவுண்டை நிறைய பேர் ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோட சேத்துப் பிடிக்கற நடுத் துண்டு) மேல வைப்பாங்க, நானும் அங்கதான் வச்சிருந்தேன். சென்னை வேர்வைக்கு அது சரியான இடமே இல்ல. தலை குனிஞ்சு மிதிக்கும்போது மூக்கு நுனியிலேர்ந்து சொட்டறது நேரா ஸ்க்ரீன் மேலதான் விழும், காஞ்சதும் பட்டனைச் சுத்தி வெள்ளையா உப்பு கட்டிக்கும், சார்ஜிங் போர்ட் மூடிக்கு உள்ள கூட போயிடும். போதாததுக்கு ஸ்பீடு பாக்கணும்னா கண்ணை ரோட்டுலேர்ந்து முழுசா எடுத்து முட்டியைப் பாக்கற அளவுக்கு குனியணும். அவுட்ஃப்ரண்ட் மவுண்ட்ல மெஷின் பாருக்கு முன்னாடி நீட்டிட்டு நிக்கும், கண்ணை லேசா இறக்கினாலே போதும். பேருந்தும் ஷேர் ஆட்டோவும் எப்ப ஒடிப்பான்னு தெரியாத ரோட்டுல இது சின்ன விஷயம் இல்ல.

அவுட்ஃப்ரண்ட் வாங்கறதுக்கு முன்னாடி ஹேண்டில்பார் விட்டத்தை அளந்துக்கோங்க. இப்ப வர்ற ரோட் பைக், எம்டிபி (மலை சைக்கிள்) பெரும்பாலும் ஸ்டெம் பக்கத்துல 31.8 மில்லி, பழைய வண்டி, கம்மி விலை வண்டின்னா 25.4 இருக்கும். நல்ல மவுண்ட்ல வித்தியாசத்துக்கு உள்ள போடற ப்ளாஸ்டிக் வளையம் கூடவே வரும். வளையம் போட்டும் மவுண்ட் சுத்திச்சுன்னா எங்க ஏரியா சைக்கிள் கடை அண்ணன் சொன்ன வழிதான் பெஸ்ட், "சார், சும்மா சும்மா முறுக்காதீங்க, பழைய ட்யூப்பை ஒரு விரல் அகலம் வெட்டி உள்ள குடுங்க, பேசாம இருக்கும்". இருந்துச்சு. முறுக்கி முறுக்கி டைட் பண்ணா ப்ளாஸ்டிக் கிளாம்ப் போல்ட் ஓட்டைகிட்ட கீறல் விடும், கார்பன் பார்னா கேக்கவே வேண்டாம். இன்னொண்ணு, மவுண்ட்டுக்கு அடியில லைட்டோ ஆக்‌ஷன் கேமராவோ தொங்கவிட்டா கை நீட்டிட்டு இருக்கற அந்தப் பகுதில வெயிட் ஏறி, ரோட்டுக்குக் குறுக்கால மேடு மேடா போட்ட ரம்பிள் ஸ்ட்ரிப் வரிசையா அடிக்கும்போது மொத்தமும் மெதுவா கீழ தலை சாயும். லைட்டை நான் பார்லயே தனியா மாட்டிட்டேன், பிரச்சனை ஓவர்.

போல்ட் லூஸ் ஆகுதுன்னு நீல லாக்டைட் (போல்ட் மரைல போடற பசை) போடறவங்க கவனிங்க. அது மெட்டலுக்கு மெட்டல் போடற சரக்கு. பாலிகார்பனேட் மாதிரி ப்ளாஸ்டிக் மேல வழிஞ்சா அழுத்தம் இருக்கற இடத்துல வெடிப்பு விட வைக்கும். கூட ஓட்டற ஒருத்தரோட மவுண்ட் போல்ட் தலையைச் சுத்தி இப்படித்தான் நட்சத்திரமா கீறி விட்டுடுச்சு, அவரு மவுண்ட் டூப்ளிகேட்னு திட்டிட்டு இருந்தாரு.

இப்ப மெயின் மேட்டர். கால்வாசி திருப்பு லாக்ல தேயறது ரெண்டே இடம்தான், மெஷின் பின்னாடி இருக்கற காது, அது போய் உக்கார்ற மவுண்ட் குழி. இதுல எது தேயணும்? மவுண்ட்தான் தேயணும். ஆனா பாக்க கெத்தா இருக்குன்னு குழி வரைக்கும் முழு அலுமினியத்துல வாங்கினா உல்டாவா நடக்கும், அலுமினியம் அப்படியே இருக்கும், ப்ளாஸ்டிக் காது ராவிக்கிட்டே போகும். நாம ஒவ்வொரு டீக்கடைலயும் திருட்டு பயத்துல மெஷினைக் கழட்டி ஜெர்சி பாக்கெட்ல போட்டுக்கறோம், திரும்ப மாட்டறோம், ஈசிஆர் மணல் வேற குழிக்குள்ள உக்காந்துட்டு உப்புத்தாள் வேலை பாக்குது. ஆரம்பத்துல டக்குனு கேட்ட கிளிக் சத்தம் போகப் போக மொழுக்குனு ஆகிடும், மெஷினை ரெண்டு பக்கமும் ஆட்டினா ஆடும், நல்ல ரோட்டுலயே கடகடன்னு ஒரு சத்தம் வரும். காது உடைஞ்சா வாரண்டி முடிஞ்ச மெஷின்னா பின்னாடி ஒட்டற ரிப்பேர் ப்ளேட் தேடி அலையணும். அதனால உடம்பு அலுமினியமா இருக்கட்டும், குழி மட்டும் தனியா ஸ்க்ரூ போட்டுக் கழட்டற ப்ளாஸ்டிக் துண்டா இருக்கட்டும். அந்தத் துண்டை மட்டும் மாத்திக்கலாம். எந்த மவுண்ட் கேட்டாலும் நான் முதல்ல பாக்கறது இதைத்தான், கலர், வெயிட் எல்லாம் அப்புறம். பராமரிப்புன்னா பழைய டூத் பிரஷ் போதும், ரைடு முடிஞ்சு குழிக்குள்ள ஒரு தேய் தேய்ச்சா மணல் போயிடும். கழட்டும்போது முழுசா திருப்பிட்டு அப்புறம் தூக்குங்க, பாதில நெம்பினாதான் காது போகும்.

அந்தக் குழித் துண்டை, அதாவது இன்சர்ட்டை வாங்கும்போது கம்பெனி பாத்து வாங்குங்க, வாஹூவும் கார்மினும் ஒண்ணுக்கொண்ணு சேராது, பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் காதோட அளவு வேற. ஐஜிபிஸ்போர்ட், மஜீன் கம்பெனி மெஷின் எல்லாம் கார்மின் டைப் குழிலயே உக்காரும்.

கடல் காத்துல போல்ட் துரு பிடிக்கறது தனிக் கதை. கூட வந்த கருப்பு போல்ட் ஒரு மழைக்காலம் தாண்டினதும் ஆரஞ்சு ஆகி, அலன் கீ போற குழி மொழுகிடுச்சு. பாரிமுனை பக்கம் போல்ட் நட் கடைல அதே சைஸ் ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்கி, மரைல துளி கிரீஸ் தடவிப் போட்டேன், அதுக்கப்புறம் தொந்தரவே இல்ல.

கடைசியா கயிறு. பாக்ஸ்ல வர்ற அந்தச் சின்ன டெதரை பாதிப் பேர் அசிங்கமா இருக்குன்னு தூக்கிப் போட்டுடறாங்க. பேண்ட் அறுந்தாலும் சரி காது உடைஞ்சாலும் சரி மெஷின் ரோட்ல விழாம தொங்கிட்டு இருக்கும், பின்னாடி வர்ற லாரி ஏறாது. சக்கரத்துக்குள்ள போற நீளத்துக்கு மட்டும் விடாதீங்க. கார்மின் ஆப்ல மெஷின் கனெக்‌ஷன் எங்க கட் ஆச்சுன்னு மேப்ல காட்டற வசதி இருக்கு, ஆனா ஃபோன் கூட கனெக்ட் ஆகி இருந்தாதான் அதுவும்.

த்ரீடி பிரிண்ட் மவுண்ட் பத்தியும் கேக்கறாங்க. பிஎல்ஏங்கற ப்ளாஸ்டிக்ல அடிச்சது வேண்டவே வேண்டாம், 60 டிகிரி கிட்ட போனாலே இளகிடும். மே மாசம் கார் டாஷ்போர்டுல கழட்டி வச்சுட்டுப் போனா திரும்பி வர்றப்ப கோணிக்கிட்டு கிடக்கும். ஏஎஸ்ஏ, பெட்ஜி (PETG) மாதிரி சூடு தாங்கற ப்ளாஸ்டிக்ல அடிச்சுத் தர்ற ஆள் தெரிஞ்சா தாராளமா அடிச்சுக்கோங்க, அளவு நம்ம பாருக்கே கச்சிதமா வரும், கயிறு மட்டும் மறக்காம கட்டிடுங்க.