எம்ஜிபி காருக்கு ‘ஒரிஜினல்’ கார்புரேட்டர் வாங்குமுன் இதைப் படியுங்கள் – எனக்கு 640 பவுண்டு போய்விட்டது

பெட்டி வந்து பத்து நாள் ஆகிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. 640 பவுண்டு!

என்னிடம் இருப்பது 1966-ல் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் செய்த எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார். நாலு வருடமாக என் வார இறுதியெல்லாம் அதோடுதான். அதற்கு எஸ்யு ஹெச்எஸ்4 என்ற வகைக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தருவது) ஜோடியாக இருக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டு வேறு எதையோ மாட்டியிருந்தார். பழைய கார் உதிரிபாகம் விற்கும் ஓர் இணையக் கடையில் ‘1966 ஒரிஜினல் ஜோடி’ என்று பார்த்ததும் போன் செய்தேன்.

அங்கேதான் விழுந்தேன். எடுத்தவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. “சேஸி எண் ஜிஹெச்என்3-ல் ஆரம்பிக்கிறதா? எஞ்சின் 18ஜிபி, ஐந்து பேரிங் தானே?” என்று அவரே கேட்டார். அத்தனையும் சரி. 1980-ல் ஆலையை மூடும்வரை தன் அப்பா அங்கேதான் வேலை பார்த்தார் என்றார். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா? கார்டு வேண்டாம், பேங்கில் போட்டால் அனுப்பும் செலவைக் கழித்துக்கொள்கிறேன் என்றார். ஐந்து நிமிடத்தில் 640 பவுண்டைப் போட்டுவிட்டேன்.

பெட்டியைத் திறந்தால், மேல்திருகில் மாட்டியிருந்த ஏயுடி எண் தகடு, அதாவது எந்த வண்டிக்கான கார்புரேட்டர் என்று காட்டும் தகடு, பளபளக்கிறது. என் வண்டிக்குரிய எண்தான். ஆனால் உடம்பெல்லாம் அழுக்கேறிய சாமானில் தகடு மட்டும் எப்படிப் புதிதாக இருக்கும்? அந்தத் தகடுகளை இப்போது புதிதாகவே அடித்து விற்கிறார்கள். சந்தேகத்தில் பிரித்தேன். காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டில் ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு. பெட்ரோலை அளந்து விடும் ஊசியும் ஸ்பிரிங்கில் சாய்ந்து நிற்கிற வகை. இரண்டுமே புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு சேர்ந்தவை. 1966 வண்டியில் தட்டு வெறும் தட்டு, ஊசி அசையாமல் நிற்கும். பிந்தைய கார்புரேட்டரில் முந்தைய வண்டியின் தகட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். த்ராட்டில் தண்டு வேறு லொடலொடவென்று ஆடுகிறது.

முதல் போனில், “பட்டறைப் பையனிடம் கேட்கிறேன்.” இரண்டாவதில் பையன் லீவு. மூன்றாவதில், “நீங்கள் பிரித்துவிட்டீர்கள், இனி எடுக்க மாட்டோம்.” பிரிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பலாம் என்று பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி எழுதினேன். ‘இது கடைச் சரக்கு அல்ல, ஒரு தனி ஆளுக்காக விற்றுக் கொடுத்தோம்’ என்று ஒரே வரியில் பதில். போனில் இதைப் பற்றி மூச்சே விடவில்லையே! இப்போது போனையே எடுப்பதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இதையாவது செய்யுங்கள்: தகட்டை நம்பாதீர்கள். த்ராட்டில் தட்டையும் ஊசியையும் கழற்றிப் படம் கேளுங்கள். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் ஆலைப் பதிவேட்டைப் பார்த்துத் தரும் சான்றிதழில் எஞ்சின் எண் இருக்கும், கார்புரேட்டர் எண் இருக்காது. அதை வைத்து யாராவது உறுதி சொன்னால் ஏற்காதீர்கள். கிரெடிட் கார்டிலேயே கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் என்றால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனத்திடமே கேட்கலாம். எனக்கு அந்த வழியும் இல்லை.

இன்று காலை அந்தக் கடையின் பக்கத்தைப் பார்த்தேன். அதே படங்கள், அதே ‘1966 ஒரிஜினல் ஜோடி’, அதே 640 பவுண்டு.